வானத்தை மூடிய வெள்ளெலிகள்

வற்றிப்போன ஒரு குளத்தின் நடுவில் வெள்ளெலிக் கூட்டம் ஒன்று மணத்தக்காளி பயிரிட்டுப் பிழைத்துவந்தது. குளத்து வண்டல் நல்ல மண். மேலே வெடித்துக் கிடந்தாலும் கொஞ்சம் தோண்டினால் ஈரம் தட்டுப்படும். எலிகள் பழத்தைத் தின்று, விதையை மண்ணில் புதைத்து, களை பிடுங்கி, அந்த இடம் முழுவதையும் தோட்டமாக்கியிருந்தன. காலையில் போனால் கொத்துக் கொத்தாகக் கருப்புப் பழம் தொங்கும். பெரியவை தின்று போக, வளையில் கிடக்கும் குட்டிகளுக்கும் மிச்சம் இருக்கும்.

செடிகளைப் பார்த்துக்கொள்வது தவிட்டி என்ற பெண் எலியின் வேலை. எந்தச் செடிக்கு மண் அணைக்க வேண்டும், எதன் நுனியைக் கிள்ளிவிட வேண்டும் என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் பயந்த சுபாவம். ஒரு சருகு அசைந்தாலும் வளைக்குள் ஓடிவிடுவாள். ஓடிய பிறகுதான் அசைந்தது என்ன என்று யோசிப்பாள். அவளுடைய தங்கை குருணை அதற்கு நேர்மாறு. பசி எடுத்தால் எங்கும் போவாள், எதையும் தின்பாள். குருணைக்கு அந்த வருடம்தான் முதல் ஈற்று. கண் திறக்காத குட்டிகள் பஞ்சுபோல் வளைக்குள் கிடந்தன.

அந்த ஆண்டு கத்திரி வெயில் கொடுமையாக இருந்தது. மதியமானால் மணத்தக்காளி இலைகள் வதங்கித் தொங்கின. காய் பழுக்கும் முன்பே தோல் வெந்து சுருங்கியது. கரையில் நின்ற பனைமரத்திலிருந்து ஒரு காய்ந்த ஓலை விழுந்து சில செடிகளின் மேல் சாய்ந்து கிடந்தது. அந்தச் செடிகள் மட்டும் வாடாமல் இருந்ததைத் தவிட்டி கவனித்தாள். உடனே காய்ந்த புல்லையும் ஓலைக் கிழிசல்களையும் குச்சிகளின் மேல் பரப்பி, உச்சிவெயில் மட்டும் படாதபடி செடிகளுக்கு மறைப்புக் கட்டினாள். காலை வெயிலும் மாலை வெயிலும் பக்கவாட்டில் உள்ளே வந்தன. சில நாட்களில் இலைகள் நிமிர்ந்தன, பழங்கள் திரண்டன. கூட்டத்துக்குத் தலைவரான உமியன் எல்லோர் முன்னிலையிலும் அவளைப் பாராட்டினார். நிழல் நல்லது என்ற எண்ணம் எல்லோர் மனதிலும் அப்போதுதான் விழுந்தது.

பிறகு ராசாளி வந்தது.

ஒரு காலை எல்லா எலிகளும் பழம் பறித்துக்கொண்டிருந்தன. தவிட்டி ஒரு செடியின் அடியில் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு முழம் தள்ளி நொய்யன் என்ற எலி பின்னங்கால்களில் எழும்பி ஒரு பழத்தை எட்டிக்கொண்டிருந்தான். தரையில் ஒரு நிழல் ஓடிவந்தது. அவள் நிமிர்வதற்குள் காற்று முகத்தில் அறைந்தது. அடுத்த நொடி நொய்யன் அங்கே இல்லை. ஒரு செடி வேரோடு சாய்ந்து கிடந்தது. அவன் கத்தக்கூட இல்லை.

அன்று தவிட்டி வளைக்குள் ஓடியவள் மறுநாள்வரை வெளியே வரவில்லை. கண்ணை மூடினால் அந்த நிழல் ஓடிவந்தது. ராசாளியோ மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. குளத்துக்கு மேலே அகலமாக வட்டமிட்டுக்கொண்டே இருக்கும், இறக்கை அசையாது. இன்னொரு எலியும் போயிற்று. அதன் பிறகு பழம் பறிக்கப் போக ஆளில்லை. பழங்கள் கண்ணெதிரே கனிந்து உதிர்ந்தன, எலிகள் வளைவாசலில் மூக்கை வைத்துக்கொண்டு பசியோடு பார்த்துக்கொண்டிருந்தன.

இந்த நேரத்தில்தான் கீரி ஒருவன் குளத்துக்கு வந்தான். பெயர் மெழுகன். அவனைக் கண்டதும் எலிகள் எல்லாம் வளைக்குள் பாய்ந்தன. அவன் துரத்தவில்லை. கரைமேட்டில் வெகுகாலமாக இருந்துகொண்டு எலிக்குட்டிகளை விழுங்கிவந்த சாரைப்பாம்பைக் கொன்று இழுத்துவந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி போட்டான். பிறகு தூரத்தில் ஒரு புதரடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

வெகுநேரம் கழித்து உமியன் தலையை நீட்டி, என்ன வேண்டும் என்று கேட்டார். மெழுகன் பணிவாகப் பேசினான். எலிக்கறி தன் உடம்புக்கு ஆகாது, தின்றால் வயிற்றைப் பிடுங்கும் என்றான். தவளையும் பாம்பும் நண்டும் இருக்கும்போது எலி எதற்கு என்றான். ராசாளி செய்யும் அக்கிரமத்தைக் கரையிலிருந்து பார்த்து மனசு கேட்காமல்தான் வந்ததாகவும் சொன்னான்.

"உங்கள் தங்கமான பெண் தவிட்டி செடிகளுக்கு மறைப்புக் கட்டியிருக்கிறாளே, அதையே பெரிதாகக் கட்டினால் என்ன? தோட்டம் முழுவதையும் கூரை போட்டு மூடிவிடுவோம். பெரிய ஓலைகளை நான் இழுத்துவருகிறேன். மேலேயிருந்து பார்த்தால் ராசாளிக்கு ஓலைதான் தெரியும். கீழே நீங்கள் நிம்மதியாகத் தின்னலாம்."

உனக்கு இதில் என்ன லாபம் என்று உமியன் கேட்டார். மதியத்தில் படுத்துக்கொள்ளக் கொஞ்சம் நிழல் கிடைத்தால் போதும் என்றான் மெழுகன்.

எலிகள் கூடிப் பேசின. பாம்பைக் கொன்றவன் நமக்கு எதிரியாக இருப்பானா என்று ஒருவர் கேட்க, எல்லோரும் தலையசைத்தார்கள். தவிட்டிக்கும் மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த வானம் கண்ணில் படாமல் இருப்பதுதான்.

ராசாளி கண்ணில் படாத நேரம் பார்த்து மெழுகன் சொன்னபடியே செய்தான். தோட்டத்தைச் சுற்றிலும் ஊடேயும் நின்ற காட்டாமணக்குப் புதர்களின் மேல் ஓலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினான். எலிகள் கோரைப்புல்லை முறுக்கி ஓலைகளைப் புதர்களோடு சேர்த்துக் கட்டின. கூரை முடிந்த அன்று எலிகள் பழைய பயத்தையெல்லாம் மறந்து உள்ளே ஓடியாடித் திரிந்தன. தவிட்டியும் அன்று ஒரு செடியின் அடியிலேயே படுத்துத் தூங்கிவிட்டாள். திறந்த வெளியில் அவள் அப்படித் தூங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு செடிகள் மாறத் தொடங்கின.

முதலில் இலைகள் பெரிதாகின. பார்த்தவர்கள் செழிப்பு என்று மகிழ்ந்தார்கள். தவிட்டி ஒரு இலையைப் பல்லால் தொட்டுப் பார்த்தாள். மெல்லிய தோல்போல் இருந்தது, சாறே இல்லை. பச்சை வெளுத்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. தண்டுகள் குட்டையாகப் படர்ந்து கிளைப்பதை விட்டுவிட்டு, ஒல்லியாக நீண்டுகொண்டே போயின. கூரையின் விளிம்பில் எங்கே கொஞ்சம் வெளிச்சம் தெரிந்ததோ அந்தப் பக்கமாக எல்லாச் செடிகளும் சாய்ந்தன, யாரோ இழுப்பதுபோல. பூக்கள் விரிந்த மறுநாளே காம்போடு கழன்று விழுந்தன. அடித்தண்டில் வெள்ளைப் பூஞ்சணம் படிந்தது. நத்தைகள் வந்து சேர்ந்தன. பிடித்த கொஞ்சக் காய்களும் கறுக்காமல் பச்சையாகவே நின்றன. பசி பொறுக்காமல் அதைத் தின்ற ஒரு எலி இரவெல்லாம் வாந்தி எடுத்தது.

அதே நாட்களில்தான் எலிகள் காணாமல் போகத் தொடங்கின.

முதலில் ஒரு கிழ எலி. பழம் தேடி உள்ளே போனது, திரும்பவில்லை. மெழுகன் மிகவும் வருத்தப்பட்டான். கூரையில் ஒரு இடத்தில் ஓலை விலகியிருந்ததைக் காட்டி, ராசாளி அந்த ஓட்டை வழியாகக் காலை விட்டு எடுத்துக்கொண்டு போனதைத் தானே பார்த்ததாகச் சொன்னான். எலிகள் அழுதுகொண்டே அந்த ஓட்டையை அடைத்தன. அடுத்து ஒரு தாய் எலி போயிற்று. இன்னொரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அதையும் அடைத்தார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் கூரையில் ஓலை கூடியது. ஓலை கூடக்கூட உள்ளே இருட்டு கூடியது. நண்பகலில்கூட எதிரே இருப்பவர் முகம் தெரியாது. யாரும் உரக்கப் பேசுவதில்லை. ஒருவரை ஒருவர் மோதிக்கொண்டால் இருவருமே நடுங்கிப் பின்வாங்குவார்கள்.

விளிம்பில் இருந்த பழங்கள் தீர்ந்துவிட்டதால், பசித்தவர்கள் இன்னும் உள்ளே, நடுத்தோட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. போனவர்களில் சிலர்தான் திரும்பினார்கள்.

மேற்கு மூலையில் காற்றில் ஒரு ஓலை சரிந்து ஒரு சிறு இடைவெளி விழுந்திருந்தது. அங்கே கீழே நின்ற செடிகளைத் தவிட்டி பார்த்தாள். குட்டையாக, கரும்பச்சையாக, கிளைகள் விட்டு நின்றன. வெள்ளைப் பூ நிறைய. கறுத்த பழமும் சில இருந்தன. அவள் ஒரு பழத்தைத் தின்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு நாக்கில் இனிப்புப் பட்டதும் அவளுக்குக் கண் கலங்கியது. அந்தப் பழத்தில் சிலவற்றைக் குருணைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். குருணை மெலிந்துபோயிருந்தாள். பால் வற்றிக்கொண்டுவந்தது. குட்டிகள் இரண்டு ஏற்கெனவே இறந்துவிட்டன.

தவிட்டி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு உமியனிடம் போனாள். செடிக்கு வெயில் வேண்டும், உச்சி நேரத்துக்கு மட்டும் நிழல் போதும், ஓலைகளில் பாதியையாவது எடுத்துவிடலாம் என்று சொன்னாள். உமியன் பதில் சொல்லுமுன் கூட்டத்தில் ஆத்திரம் கிளம்பியது. இருக்கிற ஓட்டைகளாலேயே இத்தனை பேர் போய்விட்டார்கள், இவள் வானத்தையே திறந்துவிடச் சொல்கிறாளே என்று பல குரல்கள் எழுந்தன. மெழுகன் மட்டும் அவளுக்காகப் பரிந்து பேசுவதுபோல் பேசினான்.

"அவளைத் திட்டாதீர்கள். செடிமேல் உள்ள பாசத்தில் சொல்கிறாள். வேண்டுமானால் ஒன்று செய்யலாம். ஓலையை எடுத்துவிட்டு, அந்த ஓட்டைக்கு நேர் கீழே தவிட்டி தினமும் உட்கார்ந்துகொள்ளட்டும். என்ன தங்கச்சி, உட்காருகிறாயா?"

தவிட்டிக்கு நொய்யன் நின்ற இடம் கண்முன் வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று மாலையே மேற்கு மூலை இடைவெளியையும் மூடிவிட்டார்கள். மெழுகன் கூரை முழுவதையும் சுற்றிவந்து, இனி ஒரு எறும்பு நுழையக்கூட ஓட்டை இல்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னான்.

மறுநாள் உமியனின் மகன் பதரனைக் காணவில்லை.

உமியன் கூரைக்கு வெளியே நின்று மகன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். எலிகள் கூடி அழுதன. இம்முறையும் ராசாளிதான் என்றான் மெழுகன். எப்படி வந்தது என்று யாரோ கேட்டதற்கு, ஓரமாக இறங்கி நடந்து உள்ளே வந்திருக்கும் என்றான். எலிகள் அதையும் நம்பின. பயந்துபோன மனதுக்கு ராசாளி எதையும் செய்யும்.

தவிட்டி மட்டும் அசையாமல் நின்றாள். ஓட்டையே இல்லை என்று அவன்தானே சொன்னான். ராசாளி இவ்வளவு அகலமான இறக்கையை மடக்கிக்கொண்டு, இந்தக் கும்மிருட்டில், செடிகளுக்கு நடுவே நடந்தா வந்தது? அப்படியானால் இத்தனை நாளும் உள்ளே இருந்தது எது? அந்த எண்ணம் வந்ததும் அவள் திரும்பினாள். மெழுகன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சட்டென்று மற்றவர்களோடு சேர்ந்து அழுவதுபோல் முகத்தை மூடிக்கொண்டாள்.

குருணையிடம் மட்டுமாவது சொல்லிவிட வேண்டும் என்று வளைக்கு ஓடினாள். வளையில் குட்டிகள் மட்டும் கிடந்து முனகின. பக்கத்து வளைக்காரியைக் கேட்டாள். பால் சுத்தமாக நின்றுவிட்டது, நடுத்தோட்டத்தில் ஏதாவது பழம் இருக்கும் என்று குருணை போயிருக்கிறாள் என்று பதில் வந்தது.

தவிட்டி கூரையின் விளிம்பில் வந்து நின்றாள். வெளியே பட்டப்பகல். ஒரு அடி உள்ளே போனால் எதுவும் தெரியவில்லை. ஈரமும் பூஞ்சணமும் கலந்த வாடை அடித்தது. அதோடு வேறொரு வாடையும் இருந்தது. கால்கள் பின்னால் போகப் பார்த்தன. போய்விட்டால் குருணை அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. மூக்கைத் தரையோடு வைத்துக்கொண்டு உள்ளே ஊர்ந்தாள்.

ஒல்லித் தண்டுகள் தொட்டதும் சாய்ந்தன. ஒளிந்துகொள்ள ஒரு அடர்ந்த செடி கிடையாது. எல்லாமே நரம்புபோல நின்றன. நடுவில் ஓரிடத்தில் செடிகள் படுத்து நசுங்கியிருந்தன, யாரோ வழக்கமாகப் படுக்கும் இடம்போல. அவளுடைய கால் எதையோ மிதித்தது. கயிறு என்று நினைத்தாள். குனிந்து முகர்ந்தபோது அது ஒரு வால் என்று தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னும் கிடந்தன.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச தூரத்தில் ஏதோ கடிபடும் சத்தம் கேட்டது. குருணைதான். ஒரு பச்சைக் காயைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள். தவிட்டி அவளிடம் போவதற்குள், குருணைக்குப் பின்னால் இரண்டு கண்கள் மெதுவாகத் திறந்தன.

"தங்கச்சி, நீயுமா வந்துவிட்டாய்?" என்றான் மெழுகன். அவன் பார்த்தது தவிட்டியைத்தான். "செடியெல்லாம் எப்படி இருக்கிறது?"

"செத்துக்கொண்டிருக்கிறது," என்றாள் தவிட்டி. அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இருக்கட்டும். எனக்குச் செடி எதற்கு?"

குருணை உறைந்து நின்றாள். ஓடினால் அவள் எட்டடிகூடப் போகமாட்டாள். அவன் அவளுக்கு அவ்வளவு அருகில் இருந்தான். தவிட்டி அதுவரை செய்யாத காரியம் ஒன்றைச் செய்தாள். பக்கத்துக் காட்டாமணக்குத் தண்டில் தாவி ஏறிக்கொண்டே, வெளியே போய் எல்லோரிடமும் சொல்லப்போகிறேன் என்று கத்தினாள். கீரி குருணையை விட்டுவிட்டு அவள்மேல் பாய்ந்தான். நகம் அவள் முதுகைக் கிழித்தது. குருணை ஓடும் சத்தம் கேட்டது. தவிட்டி மேலே ஏறி, ஓலையும் ஓலையும் சேரும் இடத்தில் கோரைக்கட்டைக் கடித்து, தலையை நுழைத்து, உடம்பைத் திணித்து வெளியே வந்து விழுந்தாள்.

கண் கூசியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வானம். அந்த வானத்தின் நடுவில் ராசாளி வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

தவிட்டி கூரையோடு ஒட்டிக்கொண்டாள். மேலே அது, கீழே இவன். எந்தப் பக்கமும் அவளுக்கு வழியில்லை. அவள் வந்த துவாரத்தில் கீரியின் மூக்கு தெரிந்தது. பிறகு கண்கள். அவன் வெளியே வரப்போகிறான் என்று அவள் மூச்சை அடக்கினாள். ஆனால் அவன் முதலில் மேலே பார்த்தான். ராசாளியைப் பார்த்ததும் அவன் மீசை நடுங்கியது. மூக்கு மெதுவாக உள்ளே போய்விட்டது.

அப்போதுதான் தவிட்டிக்கு எல்லாம் புரிந்தது. அவனும் ராசாளிக்குப் பயந்தவன்தான். அவன் இவ்வளவு ஓலை இழுத்ததும், ஓட்டை ஓட்டையாகத் தேடி அடைத்ததும் எலிகளுக்காக இல்லை. திறந்த வெளியில் அவனால் வேட்டையாட முடியாது. அவனுக்கு வேண்டியிருந்தது இருட்டு. அதை எலிகளைக் கொண்டே கட்டிக்கொண்டான்.

அவள் அடுத்த கட்டைக் கடிக்கத் தொடங்கினாள். பல் தந்தியடித்தது, கோரை பல்லில் சிக்காமல் நழுவியது. நிழல் அவள்மேல் ஓடிவந்தபோது மடங்கிய ஓலைக்குள் புகுந்துகொண்டாள். ராசாளியின் நகங்கள் தலைக்கு மேலே ஓலையைச் சரசரவென்று கீறிவிட்டுப் போயின. அது உயரே போனதும் மறுபடி வந்து கடித்தாள். கட்டு அறுந்தது. ஓலை சரிந்து விழுந்தது. நடுத்தோட்டத்தில் ஒரு பட்டை வெயில் இறங்கியது.

கூரை விளிம்பில் நின்ற எலிகள் பதறின. இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, எல்லோரையும் கொல்லப்போகிறாள் என்று கத்தின. குருணை மூச்சிரைக்க ஓடிவந்து நடந்ததைச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. ஆனால் உமியன் அந்த வெயில் விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டார். நசுங்கிய செடிகளின் மேல் வால்கள் கிடந்தன. அவற்றில் ஒன்றின் நுனி வளைந்திருந்தது. பதரனின் வால் பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

உமியன் அழவில்லை. விறுவிறுவென்று ஒரு புதரில் ஏறி, கூரைமேல் போய், தவிட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டைக் கடிக்கத் தொடங்கினார். அதைப் பார்த்து இன்னொரு எலி ஏறியது. பிறகு பலவும் ஏறின. நிழல் ஓடிவரும்போதெல்லாம் ஓலைக்குள் பதுங்கின, அது போனதும் கடித்தன. ஓலைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. உள்ளே கீரி ஒரு இருட்டிலிருந்து இன்னொரு இருட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தான். இருட்டு குறுகிக்கொண்டே வந்தது. கடைசி ஓலைக்கு அடியில் அவன் உடம்பைச் சுருட்டிக்கொண்டு கிடந்தான்.

அந்த ஓலையின் கட்டை உமியன் கடித்தார். ஓலை விழுந்ததும் மெழுகன் வெட்டவெளியில் கரையை நோக்கி ஓடினான். ராசாளி கல்லைப்போல இறங்கியது. அவன் முதுகில் நகம் பதிந்து இழுத்தது. தோல் கிழிய அவன் உருண்டு, முள்ளுப் புதரில் விழுந்து, ஊளையிட்டுக்கொண்டே கரைக்கு அப்பால் போய் மறைந்தான். அதன் பிறகு அந்தக் குளத்துப் பக்கம் அவன் வரவே இல்லை.

ராசாளி இரை கிடைக்காமல் எழும்பித் திரும்பியது. எலிகள் எல்லாம் இறங்கி வளைக்கு ஓடிவிட்டன. உமியன் மட்டும் கடைசிப் புதரின் உச்சியில் நின்றார். வயதான கால்கள், இறங்க நேரம் பிடித்தது. தவிட்டி வளைவாசலிலிருந்து மாமா, மாமா என்று கூப்பிட்டாள். நிழல் புதரைக் கடந்தது. கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று வளைகளில் யாரும் தூங்கவில்லை. உமியனே போய்விட்டார், திரும்பவும் மூடிவிடுவோம் என்று சிலர் ஆரம்பித்தார்கள். இம்முறை நாமே கட்டி நாமே காவல் இருந்தால் போயிற்று என்றார்கள். தவிட்டி எழுந்தாள்.

"ராசாளிக்கு எனக்கும்தான் பயம். உங்கள் எல்லோரையும்விட எனக்குத்தான் அதிகம். ஆனால் அது வரும்போது நிழல் தெரிகிறது, ஓட முடிகிறது. இருட்டில் வந்தவனை நாம் பார்க்கவே இல்லை. அவனிடமே போய் அழுதோம்."

மூட வேண்டும் என்ற பேச்சு அத்தோடு நின்றது.

துன்பம் அப்போதும் தீரவில்லை. இருட்டிலேயே வளர்ந்த இலைகள் திடீரென்று விழுந்த வெயிலைத் தாங்கவில்லை. ஒரே நாளில் வெளிறிச் சருகாகின. தோட்டமே செத்துவிட்டது, எல்லாம் இவள் செய்த வேலை என்று மறுபடி முணுமுணுப்பு எழுந்தது. தவிட்டிக்கும் உள்ளூர அந்தப் பயம் இருந்தது. அவள் செடிகளின் மேல் காய்ந்த புல்லை மெல்லிதாகப் பரப்பி, நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினாள். நரம்புபோல நீண்ட தண்டுகளைக் கடித்துக் குட்டையாக்கினாள். ஓலைகளைக் கிழித்து ஒற்றை ஒற்றைப் பட்டையாக, இடைவெளி விட்டு நிறுத்தினாள். உச்சிவெயில் அதில் தடைபட்டது. காலையிலும் மாலையிலும் வெளிச்சம் செடியின் அடிவரை வந்தது. பட்டைகளுக்கு நடுவே எலிகள் ஓடி ஒளிய நெருக்கமாகக் குழிகள் தோண்டின. முறை வைத்து ஒருவர் தின்னாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடித்தண்டிலிருந்து கட்டையான துளிர்கள் வந்தன. இலைகள் சின்னதாக, தடிமனாக, கரும்பச்சையாக இருந்தன. பூ விழாமல் நின்று காய் பிடித்தது. காய் கறுத்தது. குருணைக்குப் பால் ஊறியது. மிஞ்சிய குட்டிகள் பிழைத்து வளைக்கு வெளியே ஓடித்திரிந்தன.

ராசாளி இன்றும் அந்தக் குளத்துக்கு மேலே வருகிறது. காவல் எலி கீச்சிட்டதும் எல்லோரும் குழிக்குள் பாய்கிறார்கள். தவிட்டிதான் எப்போதும் முதலில் பாய்கிறாள். உள்ளே கிடந்து நெஞ்சு படபடக்க நிழல் போகும்வரை காத்திருக்கிறாள். போனதும் வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து மண் அணைக்கிறாள்.

ஒரு ஆபத்துக்குப் பயந்து வெளிச்சத்தையே முழுவதும் அடைத்துக்கொள்கிறவர்கள், தங்கள் விளைச்சலையும் இழந்து, அதைவிடப் பெரிய ஆபத்து குடியிருக்கத் தாங்களே இடமும் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள்.